வீடும் ஒரு தாங்கல்தான்

எங்கள் ஊர் நிழல்தாங்கலில் நான் பணிவிடைக்கு வர ஆரம்பித்து 23 வருடம் ஆகிறது. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். அகிலத்திரட்டுக்கு விளக்கம் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. அதற்குக் கற்றறிந்த பெரியவர்கள் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் வாரியல் பிடிப்பது, விளக்குக்குத் திரி போடுவது, கண்ணாடி துடைப்பது, அன்னதர்மம் முடிந்தபின் சருவம் கழுவுவது. இந்த மாதப் பாடத்தை நீ எழுது என்று தாங்கல் பெரியவர் சொன்னபோது, இதைத் தவிர எனக்கு வேறென்ன எழுத வரும் என்று கேட்டேன். அதையே எழுது என்றார். எழுதுகிறேன். பிழை இருந்தால் அய்யா பொறுக்கட்டும், நீங்களும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

விடியற்காலம் உகப்படிப்புக்கு முன்பு பள்ளியறையைத் திறக்கும்போது உள்ளே என்னென்ன இருக்கிறது என்று ஒருநாள் எண்ணிப் பாருங்கள். ஒரு கண்ணாடி. இரண்டு பக்கமும் விளக்கு. காவித்துணி. அன்றைக்குக் கட்டிய பூ. அவ்வளவுதான். முதல்முறையாக வரும் வெளியூர்க்காரர்கள் எட்டிப் பார்த்துவிட்டு, "சாமி எங்கே?" என்று கேட்பதுண்டு. "கொஞ்சம் நில்லுங்க, தெரியும்" என்போம். நின்று பார்த்தால் அவர்கள் முகம்தான் தெரியும். கண்ணாடியின் உட்பொருளைப் பற்றி எத்தனையோ பாடங்கள் கேட்டிருக்கிறீர்கள். நான் சொல்ல வருவது அதைவிடச் சின்ன விஷயம். கண்ணாடிக்கு முன்னால் சாமான்களைக் குவித்தால் முகம் தெரியாது. அதனால்தான் அங்கே எதையும் வைப்பதில்லை. எண்ணெய்ப் பாட்டில்கூட வெளியேதான் நிற்கும்.

இந்த ஒழுங்கைத் தினமும் கண்ணும் கருத்துமாகக் காத்துவந்த நான், பல வருடம் என் வீட்டில் அதற்கு நேர்மாறாக வாழ்ந்தேன். அதனால் வந்த நஷ்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மகளின் நர்சிங் படிப்புக்குக் கட்டணம் கட்டுவதற்காக, என் மனைவியின் நாலு பவுன் சங்கிலியை ஓர் இடத்தில் அடகு வைத்திருந்தேன். அது அவளுக்கு அவள் அம்மா போட்டுவிட்டது. தவணை ஒரு வருடம். வட்டியைக் கட்டி மாற்றி வைத்தால் போதும், இன்னொரு வருடம் ஓடும். கெடு நெருங்கியதும் எனக்குக் கடிதம் போட்டிருக்கிறார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்த மகன் கையெழுத்துப் போட்டு வாங்கி, எல்லாத் தாளும் போகிற இடத்தில் அதையும் வைத்திருக்கிறான். எங்கள் வீட்டில் அந்த இடம் ஃபிரிட்ஜின் மேல்பக்கம். கரண்ட் பில், கல்யாணக் கார்டு, ரேஷன் கார்டு, டாக்டர் சீட்டு, தீர்ந்துபோன டானிக் பாட்டில், தாங்கல் வரவுசெலவு நோட்டு, பழைய சாவிக்கொத்து எல்லாம் அங்கேதான். அது கார்த்திகை மாதம். தாங்கலில் திருஏடு வாசிப்பு நடந்துகொண்டிருந்தது. பதினேழு நாளும் காலை போனால் இரவுதான் வீட்டுக்கு வருவேன். வந்ததும் கையிலிருந்த நோட்டீசையும் நோட்டையும் அதே ஃபிரிட்ஜின் மேல் போடுவேன். கடிதத்தை மறைத்தது வேறு யாரும் அல்ல, நான்தான்.

மாசி மாதம், அய்யாவின் அவதார தினத்துக்குச் சாமிதோப்புக்குப் போகும் பேச்சு வந்தபோது, மனைவி சங்கிலியைப் பற்றிக் கேட்டாள். அன்றைக்குத்தான் தேடினேன். கவர் கிடைத்தது. சங்கிலி கிடைக்கவில்லை, ஏலம் முடிந்திருந்தது. அசலும் வட்டியும் போக மீதியென்று ஒரு சிறு தொகையைக் கையில் தந்தார்கள். அவர்கள்மேல் குற்றம் இல்லை. சொல்ல வேண்டிய முறையில் சொல்லித்தான் இருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்து மகனைத் திட்டினேன். கை ஓங்கவும் செய்தேன். அப்போதுதான் அவள் சொன்னாள்: "தாங்கல்ல ஒரு பூ வாடிக் கெடந்தா உங்களுக்குப் பொறுக்காது. இங்க மூணு மாசமா ஒரு கவரு கெடந்திருக்கு, உங்க கண்ணுல படல்ல. பிள்ளைய ஏன் அடிக்கப் போறிய?" அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. சங்கிலிக்காக அவள் அழுதிருந்தால் எனக்குத் தேவலை என்று இருந்திருக்கும்.

அன்று மாலை உகப்படிப்புக்கு வழக்கம்போலப் போனேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தபோது அதில் தெரிந்த முகத்தை எனக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை.

பிறகு பல நாள் யோசித்தேன். தாங்கலில் எனக்கு ஒழுங்கு வருகிறது, வீட்டில் ஏன் வரவில்லை? தாங்கலில் நான் ஒன்றும் பெரிய கெட்டிக்காரத்தனம் செய்வதில்லை. முன்னோர்கள் வைத்த முறை இருக்கிறது. இன்ன நேரத்தில் பெருக்க வேண்டும், இன்ன இடத்தில் செம்பு இருக்க வேண்டும், வாடிய பூவை இன்ன இடத்தில் போட வேண்டும். நான் அந்த முறைக்குள் நடக்கிறேன். என் வீட்டில் முறையே இல்லை. மனசு வந்தால் செய்வது, வராவிட்டால் விடுவது. மனசை நம்பி வீட்டை விட்டிருந்தேன்.

நமக்கு முறை புதிதல்ல, மக்களே. துவையல் தவசை நினைத்துப் பாருங்கள். 700 குடும்பங்களை அய்யா வாகைப்பதிக் கடற்கரைக்கு அனுப்பினார். அவர்களுக்குச் சொன்ன தவசு என்ன? குளிப்பது, துணியைத் துவைப்பது, பச்சரிசியும் பயறும் சேர்த்து வேகவைத்த எளிய உணவை அளவாகச் சாப்பிடுவது, அய்யாவை நினைப்பது. காட்டுக்குப் போய் மூச்சை அடக்கி உட்காரச் சொல்லவில்லை. அய்யா தாமே சாமிதோப்பில் ஆறு வருடம் தவம் இருந்தார். அதில் முதல் இரண்டு வருடம் ஆறடிக் குழிக்குள். அது அவருடைய தவம். நமக்கு அவர் தந்தது துணி துவைக்கும் தவம்.

துணி துவைப்பதெல்லாம் ஒரு தவமா என்று என் மகன் ஒருமுறை கேட்டான். அவன் கேட்டது நியாயம்தான். குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும் காலத்தில் பிறந்தவன். அன்றைய தென்திருவிதாங்கூரில் நம் ஆட்களின் நிலை என்ன? உடம்பை இன்ன அளவுக்கு மேல் மூடக்கூடாது, தலையில் துணி கட்டக்கூடாது, பொதுக் கிணற்றில் தண்ணீர் எடுக்கக்கூடாது. பெண்கள் தோளை மூடலாம் என்று அரசு அறிவித்ததே 1859-இல்தான். அய்யா வைகுண்டம் சென்றது 1851. அதற்கு முன்பே அவர் நம் ஆண்களைத் தலைப்பாகை கட்டி வணங்கச் சொன்னார். சாமிதோப்பில் முத்திரிக் கிணற்றில் எல்லாரும் ஒன்றாகக் குளிக்க வைத்தார். இன்றைக்கும் அங்கே போனால் கிணற்றில் குளித்துவிட்டுத்தானே பதிக்குள் போகிறோம்? அழுக்காக இரு என்று அடுத்தவன் சட்டம் போட்டு வைத்திருந்த ஜனத்துக்கு, குளித்துத் துவைத்த துணி உடுத்துவது சின்ன வேலை அல்ல. நானும் மனுசன் என்று சொல்லும் செயல் அது. அதைத் தினமும் செய்யச் சொன்னார். ஒருநாள் செய்துவிட்டு நிறுத்துவதற்குப் பெயர் தவசு அல்ல.

இதை மகனிடம் சொன்னேன். அவன் ஒன்றும் பேசவில்லை. ஆனால் மறுநாள் அவன் சட்டையை அவனே துவைத்துப் போட்டான். ஒருநாள்தான். பரவாயில்லை.

சரி, நான் என்ன செய்தேன் என்று சொல்கிறேன். பெரிதாக ஒன்றும் இல்லை. தாங்கலின் நாள் எப்படி நடக்கிறதோ அப்படி வீட்டின் நாளையும் வைத்துக்கொண்டேன். தாங்கலில் விடியற்காலையும் அந்தியிலும் உகப்படிப்பு, நண்பகலில் உச்சிப்படிப்பு என்று நாளுக்கு மூன்று கட்டு இருக்கிறது. நடுவில் ஆயிரம் வேலை வரலாம், போகலாம். இந்த மூன்றும் நகராது. வீட்டிலும் மூன்று கட்டு.

காலையில் குளித்து நாமம் இட்டபின், தாங்கலுக்குக் கிளம்பும் முன் முற்றத்தையும் நடைப்பகுதியையும் நான் பெருக்குகிறேன். ஆம்பிளை வாரியல் பிடிப்பதைப் பக்கத்து வீட்டுக்காரர் மதில்மேல் எட்டிப் பார்த்துச் சிரித்தார். தாங்கலில் பெருக்கினால் பணிவிடை, வீட்டில் பெருக்கினால் பெண் வேலையா அண்ணாச்சி என்று கேட்டேன். அதற்குப் பின் அவர் சிரிப்பதில்லை; அவர் வீட்டு முற்றத்தையும் பெருக்குவதில்லை. அது அவர் இஷ்டம்.

மத்தியானம் சாப்பிட்ட தட்டை அவரவர் கழுவி வைப்பது. அன்னதர்மத்தில் நம் பிள்ளைகள் ஒரே மணி நேரத்தில் இருநூறு பேர் சாப்பிட்ட இடத்தைத் துடைத்து முடிக்கிறார்கள். அதே பிள்ளைகள் வீட்டில் தட்டை அங்கணத்தில் போட்டுவிட்டுப் போகிறார்கள். நம்மைப் பார்த்துத்தான் படித்தார்கள். முதலில் நான் கழுவினேன். சொல்லவில்லை, கழுவினேன். மகள் இரண்டு வாரத்தில் சேர்ந்துகொண்டாள். மகனுக்கு ஏழெட்டு மாதம் ஆனது.

மூன்றாவது கட்டுத்தான் முக்கியம். சாயங்காலம் விளக்கு வைக்கும் முன்பு பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்தில் புதிதாக எதையும் சுத்தம் செய்வதில்லை. இடம் மாறிக் கிடப்பதை அதனதன் இடத்தில் கொண்டு வைப்பது மட்டும். கத்தரிக்கோல் மேசை இழுப்பறைக்கு, செருப்பு படிக்குக் கீழே, மூக்குக்கண்ணாடி அதன் கூட்டுக்குள், சாவி ஆணியில். பத்து நிமிடம் ஆனதும் நிறுத்திவிட வேண்டும், வேலை முடியாவிட்டாலும். முதலில் அரைமணி நேரம் என்று வைத்தேன். ஒரு வாரம் கூடத் தாங்கவில்லை. பத்து நிமிடம் இன்றுவரை நிற்கிறது. பிறகு விளக்கு ஏற்றுவோம். ஒழுங்கான அறையில் ஏற்றிய விளக்குக்கு வெளிச்சம் கூடுதல் போலத் தெரியும். சுவர் தெரிகிறதல்லவா, அதனால் இருக்கலாம்.

தாளுக்கு ஒரு வழி செய்தேன். ஒரு பனையோலைப் பெட்டி வாங்கி வாசல்பக்கம் தொங்கவிட்டேன். வீட்டுக்குள் வரும் எந்தத் தாளும், கவரும், பில்லும் அதில் மட்டும்தான் விழவேண்டும். ஞாயிற்றுக்கிழமை உச்சிப்படிப்பு முடிந்து வந்ததும் பெட்டியைக் கவிழ்த்து, ஒவ்வொன்றாகப் பிரித்து வாசித்து, பணம் கட்ட வேண்டியதைக் காலண்டரில் குறித்து, பத்திரமாக வைக்க வேண்டியதைக் கோப்பில் போட்டு, மீதியைக் கிழித்துவிடுவேன். பெட்டியை வேண்டுமென்றே சின்னதாக வாங்கினேன். பெரிதாக இருந்தால் இரண்டு வாரம் தள்ளிப்போடத் தோன்றும். ஃபிரிட்ஜின் மேல் இப்போது ஒரு துணி விரித்திருக்கிறது, வேறொன்றும் இல்லை. தப்பித்தவறி நான் எதையாவது வைத்தால் மகள், "அப்பா, பள்ளியறை" என்பாள். எடுத்துவிடுவேன்.

இதில் நான் செய்த ஒரு தப்பையும் சொல்ல வேண்டும். சங்கிலி போன சூட்டில், வீட்டில் கிடக்கும் தட்டுமுட்டுச் சாமானையெல்லாம் ஒழித்துவிடுவது என்று ஒருநாள் மச்சில் ஏறினேன். அம்மாவின் பழைய டின்கள், ஓட்டை வாளி, கைப்பிடி இல்லாத குடை, ஒரு வெற்றிலை இடிக்கிற இரும்பு உரல். எல்லாவற்றையும் சாக்கில் கட்டி, பழைய இரும்பு வாங்கும் ஆக்கர் கடையில் எடைக்குப் போட்டுவிட்டு, பாரம் இறங்கியதுபோல வந்தேன். அம்மாவுக்கு அப்போது 78 வயது. சாயங்காலம் உரலைத் தேடினாள். சொன்னேன். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. என் கையால் கஞ்சியும் வாங்கவில்லை. அது அவளுடைய மாமியார் கையிலிருந்து வந்த உரல். நாலாம் நாள் ஆக்கர் கடைக்கு ஓடினேன். நல்லவேளை, குவியலுக்கு அடியில் கிடந்தது. நான் விற்ற விலையைப்போல நாலு மடங்கு கொடுத்து வாங்கி வந்தேன். கடைக்காரர் பாவம், முழுசாகச் சிரிக்கவும் முடியாமல், சிரிக்காமல் இருக்கவும் முடியாமல் நின்றார்.

அன்றைக்கு அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அந்த டின்களைப் பற்றிக் கேட்டேன். அப்பா பனையேற்றம் நின்ற மழை மாதங்களில், வீட்டில் என்ன இருக்கும் என்று யாருக்கும் தெரியாதாம். ஒரு டின் கிடைத்தால் அதில் கருப்பட்டி போட்டு வைக்கலாம், ஒரு சாக்கு கிடைத்தால் கதவிடுக்கை அடைக்கலாம். ஒன்றும் இல்லாத காலத்தைப் பார்த்த கை எதையும் தூரப்போடாது. அது பேராசை அல்ல, பயம். நம் வீடுகளில் மச்சும் பரணும் நிறைந்து கிடப்பதற்கு இதுதான் பாதிக் காரணம் என்று நான் நினைக்கிறேன். சீர்வரிசையாக வந்த எவர்சில்வர் பாத்திரங்களும் அப்படியே. பெயர் வெட்டிய குடமும் போணியும் முப்பது வருடமாக உறை பிரிக்காமல் இருக்கும். அதைத் தூக்கிப் போடு என்று ஒரு பெண்ணிடம் சொல்ல யாருக்கு உரிமை இருக்கிறது? ஆகவே நான் ஒரு வரம்பு வைத்துக்கொண்டேன். என் சட்டை, என் நோட்டு, என் கருவிப் பெட்டி, என் பழைய செல்போன் சார்ஜர்கள், இவற்றில் மட்டும்தான் கை வைப்பேன். மற்றவர்களுடையதை அவர்களாக எடுத்து வெளியே வைக்கும்வரை தொடமாட்டேன். என் சாமானே ஒன்றரைச் சாக்கு தேறியது என்பது வேறு விஷயம். வேலை செய்யாத டார்ச்லைட் மட்டும் ஐந்து இருந்தது.

மனைவி போன வருடம் தானாகவே நாலு குடத்தையும் இரண்டு அண்டாவையும் மச்சிலிருந்து இறக்கி, தாங்கலின் தர்மத்துக்கு எடுத்துக்கொள்ளச் சொன்னாள். உம்பான் சோறு ஆக்க அந்த அண்டாதான் இப்போது அடுப்பில் ஏறுகிறது. முப்பது வருடத்துக்குப் பின் அதற்கு நெருப்புப் பட்டது.

இந்த இடத்தில் நம் தாங்கலைப் பற்றியும் ஒன்று சொல்லாவிட்டால் நான் நியாயமாக எழுதியவன் ஆகமாட்டேன். பள்ளியறை சுத்தமாக இருக்கிறது, உண்மை. பின்கட்டு அறையைத் திறந்து பார்த்திருக்கிறீர்களா? சுவர்க்கடிகாரம் மட்டும் ஏழு இருக்கிறது. ஏழும் ஏழு மணி காட்டும். ஒவ்வொன்றிலும் உபயம் இன்னார் என்று எழுதியிருக்கும். டியூப்லைட்டில் வெளிச்சம் வருகிற இடமெல்லாம் பெயரை எழுதி, வெளிச்சம் பாதியாகிவிட்டது. குத்துவிளக்கு, மணி, பிளாஸ்டிக் நாற்காலி, சில்வர் தாம்பாளம். மக்கள் பாசத்தோடு தந்ததுதான், யார் மனசையும் நோகச் சொல்லவில்லை. ஆனால் காணிக்கை வேண்டாம் என்று வழிவகுத்தவர் நம் அய்யா. அவர் வீட்டில் பொருள் தேங்கலாமா? அன்னதர்மத்தைப் பாருங்கள். அன்றைக்கு ஆக்கியது அன்றைக்கே பந்தியில் தீர்ந்துவிடுகிறது. நாளைக்கென்று மூடி வைப்பதில்லை. வந்தது போய்விட வேண்டும், அதுதான் தர்மம் நடக்கிற முறை. கடிகாரத்தை அப்படிப் பந்தியில் பரிமாற முடியாதே. பொருளாகத் தர நினைப்பவர்கள் அரிசியாகவும் பயறாகவும் காய்கறியாகவும் தாருங்கள் என்று இப்போது தாங்கலில் கேட்டுக்கொள்கிறோம். சிலருக்கு வருத்தம். பெயர் எழுத இடம் இல்லையே.

செல்போனைப் பற்றி ஒரு வார்த்தை. இடத்தை அடைக்காத குப்பை அது. அய்யாவின் பெயரால் மட்டும் நான் ஒன்பது வாட்ஸ்அப் குரூப்பில் இருந்தேன். விடிந்ததும் முந்நூறு படம், அய்யா உண்டு, காலை வணக்கம். அனுப்புகிறவர்களுக்குப் புண்ணியம் சேரட்டும். ஆனால் ஒருநாள் கணக்குப் பார்த்தேன்: ஏட்டைத் திறந்து ஒரு பக்கம் வாசித்து இரண்டு வாரம் ஆகியிருந்தது, ஏட்டைப் பற்றிய படங்களைத் தள்ளிவிடுவதற்குத் தினமும் அரைமணி போயிருந்தது. இப்போது இரண்டு குரூப் மட்டும் வைத்திருக்கிறேன், ஒன்று தாங்கல் பணிவிடைக்காரர்களுக்கானது, மற்றொன்று சொந்தக்காரர்களுடையது. போனை இரவு சமையலறை அலமாரியில் சார்ஜ் போடுகிறேன். படுக்கும் இடத்துக்கு அது வருவதில்லை. காலையில் முதலில் கையில் எடுப்பது வாரியல்தான், போன் அல்ல. இதில் வாரத்துக்கு ஒருநாள் தவறுகிறேன்.

இதனால் எல்லாம் என்ன கிடைத்தது என்று கேட்பீர்கள். கடன் தீர்ந்துவிட்டதா என்றால் இல்லை. மகள் படிப்புக்கு வாங்கியதில் இன்னும் பாக்கி இருக்கிறது, வட்டி கட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் கெடு தேதி காலண்டரில் இருக்கிறது. இந்த ஐந்து வருடத்தில் ஒரு தவணையும் தவறவில்லை. கோபம் போய்விட்டதா என்றால் அதுவும் இல்லை. குறைந்திருக்கிறது. முன்பெல்லாம் காலையில் சாவி காணோம், கண்ணாடி காணோம், வேட்டி காணோம் என்று கத்திக்கொண்டேதான் வீட்டைவிட்டு இறங்குவேன். கத்திவிட்டுத் தாங்கலுக்குப் போய், அன்பே தெய்வம் என்று பேசுவேன். பொறுமை வேண்டும் என்று நான் எத்தனை முறை வேண்டியிருப்பேன். சாவிக்கு ஓர் ஆணி அடித்தபின் அந்த வேண்டுதலில் பாதி குறைந்துவிட்டது. ஆணி அடிக்க ஐந்து நிமிடம் ஆனது. அதை ஐம்பது வயதில் அடித்தேன் என்பதுதான் வெட்கம்.

மகனிடம் அன்றைக்குக் கை ஓங்கியதற்கு மன்னிப்புக் கேட்டேன். உடனே அல்ல, இரண்டு வருடம் கழித்து. அவன் வேலைக்குக் கோயம்புத்தூர் கிளம்பிய அன்று, பஸ் ஸ்டாண்டில். "அத இன்னுமா நெனச்சிட்டு இருக்கிய, விடுங்கப்பா" என்றான். அவன் தங்கியிருக்கும் அறையில் நாலு பையன்கள். போன தீபாவளிக்கு முன்பு போய்ப் பார்த்தேன். மற்ற மூன்று பேர் பக்கமும் துணி மலைபோலக் கிடந்தது. இவன் கட்டிலுக்குத் தலைமாட்டில் ஒரு ஆணி, அதில் சாவி. சுவரில் அய்யாவின் சின்னப் படம் ஒன்று. அதற்கு முன்னால் எதுவும் வைத்திருக்கவில்லை. நான் ஒன்றும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

அம்மா போய்ச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. அந்த வெற்றிலை உரல் இப்போது மனைவியிடம் இருக்கிறது. அவள் வெற்றிலை போடுவதில்லை. இஞ்சி தட்டுகிறாள். சங்கிலிக்குப் பதில் சங்கிலி இன்னும் வாங்கித் தரவில்லை. மகளுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்தால் முதல் சம்பளத்தில் அம்மாவுக்கு நாலு பவுன் என்று அவள் சொல்லிக்கொண்டிருக்கிறாள். வேண்டாம், உன் அப்பா கடனை முடிக்கட்டும் என்கிறாள் இவள். இருவரும் சேர்ந்து என்னைப் பார்ப்பார்கள். நான் எழுந்து போய் முற்றத்தைப் பெருக்குவேன்.

வருகிற மாத முதல் ஞாயிற்றுக்கிழமை, காலை உகப்படிப்பு முடிந்ததும் தாங்கலின் பின்கட்டு அறையை ஒதுக்கப் போகிறோம். உபயமாக வந்த பொருட்களில் நல்லவற்றைப் புதிதாக எழும்பும் தாங்கல்களுக்கும், தேவைப்படும் வீடுகளுக்கும் கொடுத்துவிடுவது என்று பேசி முடிவு செய்திருக்கிறோம். தங்கள் பெயர் எழுதிய பொருளை எங்கே கொடுக்கலாம் என்று உபயதாரர்கள் வந்து சொன்னால் நல்லது. நடந்து வர முடியாத பெரியவர்கள் வீட்டுக்கு நாங்களே வந்து கேட்டுக்கொள்கிறோம். ஏழு கடிகாரத்தில் சரியாக ஓடும் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்வோம். எது சரியாக ஓடுகிறது என்பதில் ஏற்கனவே இரண்டு கட்சி ஆகிவிட்டது; அதையும் அன்றைக்குப் பேசித் தீர்ப்போம். மத்தியானம் உம்பான் சோறு உண்டு. வாரியல் தாங்கலில் நாலுதான் இருக்கிறது, வருகிறவர்கள் கையோடு ஒன்று கொண்டுவாருங்கள்.

அய்யா உண்டு.